குங்குமப் பள்ளத்தாக்குக்குப் போன தவளை

சிங்காரம் என்ற தவளைக்கு மரியாதை ஒரு வியாதி. "சாப்பிட்டியா?" என்று யாராவது கேட்டால் போதும், வயிறு ஒட்டிக் கிடந்தாலும் "ஆச்சு, ஆச்சு! இப்பத்தான்!" என்பான். யாராவது அவன் கால்மேல் ஏறி நின்றால், "பரவாயில்லை, நில்லுங்க!" என்பான். குளத்தில் எல்லாரும் அவனைத் தங்கமான தவளை என்று கொண்டாடினார்கள். அவன் மனைவி பூவாயி மட்டும் தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்தக் குளம் காட்டின் மேற்கு ஓரத்தில் இருந்தது. அதைத் தாண்டினால் உயரமான பொட்டல் வெளி. புல் பூண்டு கிடையாது. பொட்டலின் நடுவே பூமி பிளந்துகொண்டு ஒரு பெரிய பள்ளத்தாக்கு. பாறையெல்லாம் குங்குமச் சிவப்பு. சாயங்கால வெயில் பட்டால் சுவர்கள் தகதகவென்று எரியுமாம். பாறையே வளைந்து வாசல் மாதிரி நிற்கும் ஓர் இடமும் இருக்கிறதாம். சாவதற்குள் அதை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்று சிங்காரத்துக்குச் சின்ன வயசிலிருந்தே ஆசை.

அதற்கும் ஒரு வேளை வந்தது. பொட்டலிலேயே பிறந்து வளர்ந்த அங்கம்மாள் என்ற உடும்பு குளத்துக்கு வந்திருந்தாள். பள்ளத்தாக்கில் ஒவ்வொரு கல்லும் அவளுக்குத் தெரியும். உடும்பு தவளையைத் தின்னாதா என்று கேட்கிறீர்களா? அவள் குடும்பத்தில் தின்கிறவர்கள் உண்டு. அவள் விட்டு வெகுகாலமாயிற்று, இப்போதெல்லாம் கரையான்தான். கதையைக் கேளுங்கள்!

"வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்!" என்றாள் அங்கம்மாள். "ஆனா பொட்டல்ல கண்டபடி போக முடியாது. முதல்ல திட்டம் போடணும்."

மாசானம் என்ற கழுதையும் சேர்ந்துகொண்டான். "ஏறிக்கோங்க, நான் சுமக்கிறேன். எனக்கும் ஊரைப் பார்த்த மாதிரி இருக்கும்!" என்றான்.

மூவரும் குளக்கரையில் உட்கார்ந்தார்கள். அங்கம்மாள் ஈர மண்ணில் வால் நுனியால் இரண்டு கோடு கிழித்தாள்.

"இது மேட்டு வழி. பள்ளத்தாக்கு விளிம்பு ஓரமாவே போகும். தூரம் கம்மி. ஆனா நிழலும் கிடையாது, தண்ணியும் கிடையாது. இது கீழ் வழி. பள்ளத்துக்குள்ள இறங்கி ஊற்று ஓரமாப் போகும். கொஞ்சம் சுத்து. உங்களுக்கு எது வேணும்?"

ஊற்று என்ற சொல் காதில் விழுந்ததும் சிங்காரத்தின் நெஞ்சு துள்ளியது. வாய்வரை வந்துவிட்டது பதில். அதற்குள் அவன் வியாதி குறுக்கே வந்தது. "நமக்காக மாசானம் அண்ணன் சுத்தி நடக்கிறதா? அங்கம்மா அக்காதான் என்ன நினைப்பாங்க?" என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டான்.

"உங்க இஷ்டம்க்கா! எனக்கு எதுன்னாலும் சரி!" என்றான்.

அங்கம்மாள் கழுதையைப் பார்த்தாள். மாசானம் எச்சிலை விழுங்கிக்கொண்டு, "தம்பிக்கு எது சரியோ எனக்கும் அதேதான்" என்றான்.

அங்கம்மாள் கழுத்தைச் சொறிந்துகொண்டாள். "ரெண்டு பேருக்கும் எதுன்னாலும் ஒண்ணுன்னா... சரி, மேட்டு வழியிலேயே போயிடுவோம். சுருக்கா முடியும்." அவள் குரலில் அவ்வளவு உற்சாகம் இல்லை. சிங்காரம் அதைக் கவனித்தால்தானே!

"தம்பி, ஒரு சுரைக்குடுவையில தண்ணி கட்டிக்கட்டுமா?" என்று கேட்டான் மாசானம்.

"ஐயையோ! எனக்காக எதுக்குண்ணே வீண் பாரம்? காலையில ஒரு முங்கு போட்டேன்னா நாள் பூரா தாங்கும்!"

பச்சைப் பொய்! அரைக் காலைப்பொழுதுகூடத் தாங்காது.

தாமரை இலைக்கு அடியிலிருந்து பூவாயி எட்டிப் பார்த்தாள். மற்ற இருவரும் நாலடி நகர்ந்ததும் சிங்காரத்தைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? தண்ணி இல்லாம நீங்க எப்படி இருப்பீங்க?"

"மெதுவாப் பேசு! அவங்க காதுல விழுந்துடப் போகுது!"

"விழட்டுமே! விழணும்னுதானே பேசுறேன்!"

"தப்பா நினைப்பாங்க பூவாயி."

"நினைச்சா நினைச்சுட்டுப் போறாங்க! நீங்க காய்ஞ்ச சருகாத் திரும்பி வந்தா நான் யார்கிட்டப் போய் அழுறது?"

சிங்காரம் தண்ணீருக்குள் முங்கிக்கொண்டான். சண்டை போடுவது மரியாதை இல்லையே!

விடிந்ததும் கிளம்பினார்கள். சிங்காரமும் அங்கம்மாளும் மாசானத்தின் முதுகில் ஏறிக்கொண்டார்கள். காற்று குளுகுளுவென்று வீசியது. அங்கம்மாள் வழியில் தெரிந்த ஒவ்வொரு பாறைக்கும் ஒரு கதை சொன்னாள். ஒரு மேடு ஏறி இறங்கினதுதான் தாமதம், கண்ணுக்கு எட்டின மட்டும் பள்ளத்தாக்கு விரிந்தது. சிவப்புக்குள் எத்தனை சிவப்பு! அடியில், எங்கோ ஆழத்தில், மெல்லிய பச்சைக் கோடு ஒன்று தெரிந்தது.

"அம்மாடி!" என்றான் சிங்காரம். சந்தோஷத்தில் அவன் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு அவன் உடம்பில் கடைசியாக இருந்த ஈரம் அதுதான்.

வெயில் ஏறியது. கொஞ்சம் கொஞ்சமாக அவன் தோல் இழுத்துக்கொண்டது. முதுகு எரிந்தது. கண் இமைக்கக்கூட முடியவில்லை.

"தம்பி, ஏன் பேச்சையே காணோம்? கொஞ்சம் நிக்கலாமா?" என்று கேட்டான் மாசானம்.

"வேண்டாண்ணே! நீங்க நடங்க. நான் நல்லா இருக்கேன்!"

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் அங்கம்மாள் திரும்பிப் பார்த்தாள். "டேய் சிங்காரம், என்ன நிறமே மாறிப்போச்சு?"

"அது... சிவப்புப் பாறை பக்கத்துல நின்னா அப்படித்தாங்க்கா தெரியும்!"

பாருங்கள் அவன் பவிசை! உயிர் போகிற நேரத்திலும் சமாதானம் சொல்கிறான். சிங்காரத்துக்குத் தலை சுற்றியது. தான் செத்தே போய்விடுவோம் என்று தெரிந்துவிட்டது. "போகட்டும். அவங்களுக்குத் தொந்தரவு கொடுக்காம ஓரமா விழுந்து செத்துடலாம். போகும்போதாவது நல்ல பேரோட போவோம்" என்றுகூட நினைத்தான்.

அப்போது பூவாயி ஞாபகம் வந்தது. இந்நேரம் கரையில் ஏறி உட்கார்ந்து மேற்கையே பார்த்துக்கொண்டிருப்பாள். நல்ல பேரை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

சிங்காரம் மிச்சமிருந்த மூச்சையெல்லாம் ஒன்றுசேர்த்தான். வாயைத் திறந்தான். கத்தினான்.

"தண்ணீ! எனக்குத் தண்ணீ வேணும்!"

பள்ளத்தாக்கு சும்மா இருக்குமா? எதிர்ச்சுவர் கத்தியது: "வேணும்!" அதற்கு அப்பாலிருந்த சுவர் கத்தியது: "வேணும்!" தூரத்துப் பாறையெல்லாம் ஒன்றுக்குப் பின் ஒன்றாய், "வேணும்! வேணும்! வேணும்!"

பிறந்ததிலிருந்து எதையுமே கேட்காதவன் ஒரு தரம் கேட்டால், உலகமே சேர்ந்து கத்துகிறது! சிங்காரம் வெட்கத்தில் கூனிக் குறுகி, அப்படியே மயங்கிச் சரிந்தான்.

அங்கம்மாள் அவனை விழாமல் பிடித்துத் தன் முதுகில் போட்டுக்கொண்டாள். "மாசானம், நீ அந்தச் சரிவு வழியா இறங்கி வா! நான் நேரா இறங்குறேன்!"

"எனக்காக... நீங்க எதுக்குக்கா..." என்று அரை மயக்கத்தில் முனகினான் சிங்காரம்.

"வாயை மூடுடா! பேசவேண்டிய அன்னைக்குப் பேசாம இப்ப என்ன பேச்சு?"

செங்குத்துப் பாறையில் நகத்தைப் பதித்து அங்கம்மாள் இறங்கினாள். உடும்புப் பிடி என்று சும்மாவா சொல்கிறார்கள்? ஒரு கல் உருளவில்லை. நாலு மடிப்பு இறங்கியதும் காற்று குளிர்ந்தது. பாறை இடுக்கிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கி, அடியில் ஒரு சுனையாகத் தேங்கி நின்றது. அங்கம்மாள் உடம்பைக் குலுக்கினாள். தொபுக்கென்று சுனைக்குள் விழுந்தான் சிங்காரம்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அங்கம்மாள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இரண்டு முட்டைக் கண்கள் மெல்ல மேலே வந்தன.

"அக்கா," என்றான் சிங்காரம், "சொர்க்கம்!"

அங்கம்மாளுக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. "மடையா! தண்ணி இல்லாம முடியாதுன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொன்னா என்ன? இந்த வழிதான் அழகு! சுனை, கொடி, கல் வாசல் எல்லாம் இங்கதான் இருக்கு! நீ கேட்பேன்னு நான் எவ்வளவு எதிர்பார்த்தேன் தெரியுமா?"

"உங்களுக்கும் இந்த வழிதான் பிடிக்குமா? அப்புறம் ஏன்க்கா மேட்டு வழின்னு சொன்னீங்க?"

அங்கம்மாள் திருதிருவென்று விழித்தாள். "நீங்க ரெண்டு பேரும் சீக்கிரம் போகணும்னு நினைக்கிறீங்களோன்னு... மேட்டுல எனக்கே பயம்டா. அங்க ஒரு கழுகு சுத்தும். அதுக்கு என் வால் மேல ரொம்ப நாளா ஒரு கண்ணு."

அதற்குள் மாசானம் சரிவில் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தான். வந்ததும் வராததுமாக, "தம்பி பிழைச்சானா?" என்று கேட்டான். சிங்காரத்தைப் பார்த்ததும் தொப்பென்று உட்கார்ந்துவிட்டான். "அப்பாடா! இனிமே மேட்டு வழின்னு யாராவது சொன்னா உதைப்பேன்! உசரத்துல நின்னு கீழே பார்த்தா எனக்கு மயக்கம் வரும். அதனாலதான் காலையிலேருந்து கண்ணை மூடிக்கிட்டே நடந்தேன்!"

"என்னது!" என்று அலறினாள் அங்கம்மாள். "விளிம்பு ஓரத்துல, எங்க ரெண்டு பேரையும் சுமந்துக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டா நடந்தே?"

"நீங்கதான் ஆசைப்பட்டீங்கன்னு நினைச்சேன்!" என்றான் மாசானம் பாவமாக.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று பேரில் ஒருவருக்கும் வேண்டாத வழியில், மூன்று பேரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்! முதலில் அங்கம்மாள் சிரித்தாள். பிறகு மாசானம் கத்திச் சிரித்தான். அவன் சிரிப்பையும் பள்ளத்தாக்கு விடவில்லை, திருப்பித் திருப்பிச் சிரித்துக் காட்டியது.

சாயங்காலம் சுனையிலிருந்து ஓடிய ஊற்று நீர் ஓரமாகவே நடந்து கல் வாசலுக்குப் போனார்கள். வெயில் சாய்ந்தது. சுவர்கள் தகதகவென்று எரிந்தன. கல் வாசல் முழுக்கச் சிவந்தது. அதன் நிழல் தண்ணீரில் விழுந்து கிடக்க, அந்த நிழலுக்கு நடுவில் சிங்காரம் மிதந்துகொண்டிருந்தான். அவனுக்கு அங்கிருந்து வர மனசே இல்லை. தொண்டையை இரண்டு தரம் கனைத்துக்கொண்டான்.

"எனக்கு... நாளைக்கும் இங்கேயே இருக்கணும்னு ஆசையா இருக்கு" என்றான். சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"முடியாது தம்பி," என்றான் மாசானம். "வீட்டுல குட்டி தனியா இருக்கு. நான் காலையிலேயே கிளம்பணும்."

"கிளம்பலாம். ஆனா கீழ் வழியா, நின்னு நின்னு போவோம்" என்றாள் அங்கம்மாள்.

சிங்காரம் மெல்ல ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். யாரும் கோபிக்கவில்லை. யாரும் அவனைத் தப்பாக நினைக்கவில்லை. மாசானம் பக்கத்திலேயே நின்று, எப்போதும் போலப் புல்லை மென்றுகொண்டிருந்தான். கேட்டாயிற்று, கிடைக்கவில்லை, அவ்வளவுதான்! இதற்கா இத்தனை காலம் பயந்தோம் என்று சிங்காரத்துக்குச் சிரிப்பு வந்தது.

திட்டம் போடும் நேரத்தில் தன் தேவையைக் கூச்சப்பட்டு மறைக்கிறவன், பிறகு தானும் தவித்து, கூட வருகிறவர்களையும் தவிக்க வைப்பான்.