பெர்னிஸ் தேடின பத்தாவது ஆள்

கண்ணை மூடிக்கோ இதழு. மூடிட்டியா? 'ம்' மட்டும் விடாம சொல்லணும். நீ 'ம்' சொல்லலேன்னா அத்தைக்குக் கதை வராது, பாதியில எந்திரிச்சுப் போயிடுவேன் பாத்துக்கோ.

ம்.

ஒரு ஊர்ல ஒரு கோயில் இருந்துச்சாம். ரொம்ப தூரமெல்லாம் இல்ல, இதே ஓஹையோவுலதான், நம்ம வீட்டுக்கு நாலு தெரு தள்ளி. யூதங்களோட கோயில். இரும்பு ஆலை ஓடின காலத்துல ஐநூறு பேர் வருவாங்களாம், உக்கார இடத்துக்கே அடிதடியாம். அப்புறம் ஆலையை மூடிட்டாங்க. பிள்ளைங்கல்லாம் பொழப்பைத் தேடிப் போயிடுச்சு. மிச்சம் பத்தே பத்து கிழடுங்க.

அவங்ககிட்ட ஒரு வழக்கம் உண்டு. ஆம்பளையோ பொம்பளையோ, பத்து பேர் கூடினாத்தான் பெரிய ஜெபமெல்லாம் சொல்லலாம். அதுலயும் மனுஷங்களை ஒண்ணு ரெண்டுன்னு எண்ணக் கூடாது, கண்ணு பட்டுருமாம். நம்ம ஆளுங்க மாதிரியேதான். அதனால மோர்ட்டுன்னு ஒரு தொண்ணூறு வயசுத் தாத்தா, விரலை நீட்டி நீட்டி "ஒண்ணில்ல, ரெண்டில்ல, மூணில்ல"ன்னு எண்ணுவாரு. கடவுளுக்கே காது குத்துற ஆளு.

ம்.

நம்ம பக்கத்து வீட்டு பெர்னிஸ் பாட்டி இருக்காங்கல்ல, அவங்க வீட்டுக்காரர் சீமோர்தான் அந்தப் பத்துல ஒருத்தர். அவர் போன வருஷம் செத்துப் போயிட்டாரு. இப்ப வருஷத் தெவசம் வருது. அன்னைக்கு அவருக்காகக் காதிஷ்னு ஒரு ஜெபம் சொல்லணும். பத்து பேர் வேணும். எண்ணிப் பாத்தா ஒன்பதுதான். ஏன்? பத்தாவது ஆளே அவருதான! "சாகறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்க வேணாமா இந்த மனுஷன்?"னு பெர்னிஸ் திட்டினாங்க. திட்டிட்டு அழுதாங்க. பிள்ளை குட்டி கிடையாது, அவங்கள விட்டா அவருக்குச் சொல்ல யாருமில்ல.

நான் வரட்டுமான்னு கேட்டேன். பொட்டை அழிச்சிட்டு பின்னாடி உக்காந்துக்கறேன்னேன். "போடி, எங்க கடவுள் கிழவர்தான், குருடர் இல்ல"ன்னுட்டாங்க.

சரின்னு நான்தான் காரை எடுத்தேன். டுர்ர்ர்ர்.

மொதல்ல ஜாஷ்னு ஒரு பல் டாக்டர் கிட்ட போனோம். "யூதன்தான் பாட்டி, அதுல சந்தேகமே இல்ல. ஆனா அன்னைக்கு எனக்குத் தியான முகாம், பேசாம கண்ணை மூடி உக்காரணும்"னான். பெர்னிஸ் சொன்னாங்க, "அதுக்கு ஏன்டா காசு குடுக்கற? எங்க கோயில்ல எல்லாரும் இலவசமாத் தூங்குறாங்க." அவன் சிரிச்சான். வரமாட்டேன்னுட்டான்.

அப்புறம் காலேஜ்ல டாலியான்னு ஒரு பொண்ணு. கேட்டதும் குதிச்சுகிட்டு வந்துச்சு. ஆனா மோர்ட் தாத்தா கோயில் வாசல்லயே மறிச்சாரு. "உங்கம்மா யூதரா?" "இல்ல, அப்பா மட்டும்." "அப்ப எண்ண முடியாது. அம்மா வழிதான் எங்களுக்கு." பொண்ணு மூஞ்சி சுருங்கிப் போச்சு. பெர்னிஸுக்குக் கோவம் வந்துச்சு பாரு! "வர்றவளை வேணாங்கற, வராதவனை இழுத்துட்டு வாங்கற. இப்படியே போனா கதவைச் சாத்த நீ ஒருத்தன்தான்டா இருப்ப"ன்னு கத்தினாங்க. தாத்தா அசையல.

இதழு? தூங்கிட்டியா?

ம்ம்... இல்ல.

மூணாவதா ஆர்னி. கோயிலுக்கு நேர் எதிர்ல சாண்ட்விச் கடை வச்சிருக்காரு. அவரும் யூதர்தான், ஆனா சாமி இல்லேம்பாரு. யூதங்க பன்னிக்கறி தொடமாட்டாங்கல்ல? இவரு என்ன செய்வாரு, அவங்க பட்டினி கிடக்கற பெரிய விரதத்தன்னைக்குப் பன்னிக்கறியைச் சொய்ங்னு வறுத்து, வாசம் கோயிலுக்குள்ள போற மாதிரி ஃபேனைத் திருப்பி வைப்பாரு. கொழுப்பு!

எதுக்கு இவ்வளவு வீம்பு? எல்லாம் ஒரு ஜன்னலால. நாப்பது வருஷம் முன்னாடி ஆர்னியும் சீமோரும் பக்கத்துப் பக்கத்துல உக்காருவாங்களாம். சீமோருக்குக் குளிரும், டமார்னு ஜன்னலைச் சாத்துவாரு. ஆர்னிக்குப் புழுங்கும், கிரீச்னு திறப்பாரு. டமார். கிரீச். டமார். கிரீச். ஒரு நாள் ஆர்னி, "இவன் இருக்கற வரைக்கும் இங்க காலை வைக்க மாட்டேன்"னு சத்தியம் பண்ணிட்டு வெளிய வந்தவருதான்.

பெர்னிஸ் போய் நின்னாங்க.

"கடவுள் இல்ல பெர்னிஸ்."

"அதை அவருகிட்டயே வந்து சொல்லு. எனக்கு ஒரு ஆமென் வேணும், அவ்வளவுதான்."

"நான் சத்தியம் பண்ணியிருக்கேன். சீமோர் இருக்கற வரைக்கும்..."

"அவன் இல்லடா. அதான் வந்திருக்கேன்."

ஆர்னி கத்தியைக் கீழ வச்சாரு. பெர்னிஸ் விடல. "பிடிக்கலேன்னா வேற ஊர்ல கடை போட வேண்டியதுதான? நாப்பது வருஷமா எங்க வாசலையே பாத்துகிட்டு எதுக்குடா உக்காந்திருக்க?"ன்னு கேட்டுட்டு விறுவிறுன்னு வந்து கார்ல ஏறிட்டாங்க. வழியெல்லாம் அழுகை. எனக்கும்தான்.

ம்.

அப்புறம் தெவச நாள் வந்துச்சு. காலங்காத்தால கோயில்ல ஒன்பது பேர். நான் வாசல்ல, டாலியா என் பக்கத்துல. எண்ணாட்டியும் வந்துட்டா அந்தப் பொண்ணு. வெளிய பனி. உள்ள அந்த ஜன்னலை யாரோ திறந்து விட்டது அப்படியே கெடக்கு, சாத்தறதுக்குத்தான் சீமோர் இல்லையே. காத்து ஊஊன்னு வருது.

அப்போ கதவு கிர்ர்ர்ரீச்னு திறந்துச்சு. ஆர்னி! கடை ஏப்ரனைக்கூடக் கழட்டல.

மோர்ட் தாத்தா விரலை நீட்டி எண்ணினாரு. "எட்டில்ல, ஒன்பதில்ல, பத்தில்ல!"

"நில்லுய்யா,"ன்னாரு ஆர்னி. "அந்தப் பொண்ணு ஏன் வெளிய நிக்குது? அன்னைக்கு நீ அவளை மறிச்சதை என் கடையிலேருந்து பாத்தேன். அவளையும் எண்ணு, இல்லேன்னா நான் போறேன். கறி அடுப்புல இருக்கு."

தாத்தா பல்லைக் கடிச்சாரு. மேல பாத்தாரு, கீழ பாத்தாரு. அப்புறம் முணுமுணுத்தாரு, "பதினொண்ணில்ல."

ஆர்னி நேரா தன்னோட பழைய இடத்துக்குப் போனாரு. பக்கத்துல சீமோர் இடம் காலி. அப்புறம் போய் அந்த ஜன்னலை மெதுவா, சத்தமே வராம, சாத்தினாரு.

"அவனுக்குக் குளிரும்,"ன்னாரு.

பெர்னிஸ் ஜெபத்தை ஆரம்பிச்சாங்க. அதைத் தனியாச் சொல்ல முடியாதுடி. நடுவுல நடுவுல கேக்கறவங்க ஆமென் சொல்லிகிட்டே வரணும், நீ எனக்கு 'ம்' சொல்ற மாதிரி. எல்லாத்துலயும் சத்தமான ஆமென் சாமி இல்லேன்ன அந்த ஆளோடதுதான்.

இதழு?

...

சரி. அவங்க ஜன்னலையும் சாத்தியாச்சு, நம்ம விளக்கையும் அணைச்சாச்சு. கதையும் அவ்வளவுதான், தூங்குடி தங்கம்.