இரண்டுக்கும் ஆகும் கம்பி

"டீச்சர், வில்லுக்கும் விரலுக்கும் சேர்த்து ஆகுற கம்பி எங்க கிடைக்கும்?"

வாசலைத் தாண்டியதும் தாண்டாததுமாக மதுரநாயகம் கேட்டுவிட்டார்.

ஹெப்சிபா டீச்சர் தன் வில்லுக்குப் பிசின் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கிடைக்காது, அண்ணே."

அவ்வளவுதான் பதில். இதைக் கேட்கவா வேப்பேரி வரைக்கும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தோம் என்று இருந்தது அவருக்கு.

மதுரநாயகம் டபுள் பேஸ் வாசிப்பவர். வயலினை ஆளுயரத்துக்கும் மேலே வளர்த்து நிற்க வைத்தது போன்ற வாத்தியம் அது. கட்டிப்பிடித்துக்கொண்டுதான் வாசிக்க முடியும். டீச்சர் பிறப்பதற்கு முன்பே மெல்லிசைக் குழுக்களில் அதன் கம்பிகளை விரலால் சுண்டிச் சோறு தின்றவர் அவர். தலை முழுக்க நரைத்த பிறகு, வில் பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமென்று, தன்னைவிட அத்தனை வயது சின்னவரிடம் சிஷ்யனாக வந்து உட்கார்ந்தார்.

காரணம் புஷ்பராணி. அவர் மனைவி. சர்ச் கொயரில் பாடுகிறவள். தாழ்ந்த குரல்.

"ஆயுசு பூரா சுண்டிக்கிட்டே இருக்கீங்க. ஒரே ஒரு பெரிய வெள்ளிக்கு வில்லு வச்சு இழுங்களேன். அதுமேல நான் பாடணும்" என்பாள்.

கற்றுக்கொண்டார். கொயர் மாஸ்டரும் பெரிய வெள்ளி ஆராதனையில் ஒரு பாட்டுக்கு இடம் கொடுத்தார்.

மழைக்காலத்திலேயே புஷ்பராணி போய்விட்டாள்.

இனி அந்தப் பாட்டை அவள் இல்லாமல்தான் வாசிக்க வேண்டும். அதையாவது உருப்படியாக வாசித்துவிட வேண்டும். அந்த மனிதருக்கு மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான்.

அதற்கும் கம்பி குறுக்கே வந்து நின்றது.

உருக்குக் கம்பி போட்டால் வில் கடித்துப் பிடிக்கும், பாட்டு எழும்பும். அதே கம்பியைச் சாயங்காலம் பிழைப்புக்கு வாசிக்கிற கடற்கரை ஹோட்டலில் விரலால் சுண்டினால் மணி அடித்ததுபோல் ரீங்கரித்துக்கொண்டே கிடக்கும். நரம்புக் கம்பி போட்டால் ஹோட்டலில் 'தும்' என்று விழுந்து அங்கேயே அடங்கும், சாப்பிட வந்தவர்கள் கால் தானாகத் தாளம் போடும். ஆனால் அதன்மேல் வில்லை வைத்தால் பெஞ்சைத் தரையில் இழுக்கிற சத்தம். மாற்றி மாற்றிப் போடலாம் என்றால், மாட்டுகிற கம்பி சுருதி நிலைக்கவே வாரக்கணக்கில் ஆகும்.

நடுவில் ஒரு கம்பி உண்டு. உள்ளே நைலான், வெளியே உலோகச் சுற்று. "ரெண்டுக்கும் ஆகும் சார்" என்று கடைக்காரர் தலையில் கட்டிய அதுதான் இப்போது அவருடைய பேஸில் இருந்தது.

"ரெண்டுக்கும் ஆகலை டீச்சர். ரெண்டுலயும் சுமார். வில்லு வச்சா, பெஞ்சைப் பாதித் தூரம் இழுத்துட்டு விட்ட மாதிரி இருக்கு. மாஸ்டர் முகத்தைச் சுளிக்கிறார்."

"ம்."

"ஹோட்டல்ல பேண்ட் லீடர் பையன் சொல்றான், 'அங்கிள், கீபோர்டுல ஒரு பட்டன் அமுக்கினா வில்லு, இன்னொண்ணு அமுக்கினா விரல், நீங்க எதுக்கு இதைச் சுமந்துட்டு வர்றீங்க'ன்னு."

"ம்."

"ரெண்டு பக்கமும் நெருக்குறாங்க டீச்சர். நடுவுல என்னால நிக்க முடியலை."

டீச்சர் முதல்முறையாக நிமிர்ந்தார்.

"நல்லாத்தானே நிக்கிறீங்க?"

"எங்க நிக்கிறேன்?"

"பாயில. செருப்போட."

மதுரநாயகம் குனிந்து பார்த்தார். மூஞ்சி சுண்டிப்போய்ச் செருப்பைக் கழற்றினார்.

அடுத்த வாரம் வந்தபோது கம்பியைப் பற்றிப் பேசவில்லை.

"அவ குரல் மறந்துக்கிட்டே வருது டீச்சர்."

டீச்சர் பிசினை மூடி வைத்தார்.

"ராத்திரி யோசிச்சுப் பார்க்கிறேன். பாட்டு வருது, வார்த்தை வருது, அவ குரல் மட்டும் வர மாட்டேங்குது. கீழ வில்லு நல்லா விழுந்துச்சுன்னா மேல அவ வந்துருவான்னு நினைச்சேன். பைத்தியக்காரத்தனம்தான்."

"வாசிங்க."

வகுப்பில் இருந்த பேஸை நிமிர்த்தி வாசித்தார். நாலு அடி போனதும் வில்லை எடுத்துவிட்டார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"அசிங்கமா இருக்கு."

"ஆமா, அசிங்கமாத்தான் இருக்கு. முழுசா வாசிங்க."

அவர் வாசிக்கவில்லை. வில்லை மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அன்றைக்குத்தான் கோயம்புத்தூரிலிருந்து மகன் போன் செய்தான்.

"அங்க தனியா உட்கார்ந்து என்னப்பா பண்றீங்க? எல்லாத்தையும் விட்டுட்டு வந்துருங்க. ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு."

எல்லாத்தையும் விட்டுட்டு. அந்த வார்த்தை அவருக்குத் தேனாக இருந்தது.

கொயர் மாஸ்டரிடம் முடியாது என்று சொன்னார். ஹோட்டலுக்கு வரமாட்டேன் என்று சொன்னார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பேஸை வாங்கிக்கொள்ள பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் அகப்பட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் மதுரநாயகம் பேஸைத் துடைக்க ஆரம்பித்தார். கம்பிகளைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. விற்கிற பொருளில் இந்த உதவாக்கரைக் கம்பி எதற்கு?

நாலையும் ஒரே நேரத்தில் தளர்த்தாதே என்று அவருடைய முதல் வாத்தியார் சொல்லியிருந்தார். ஒன்றைக் கழற்று, ஒன்றைப் போடு, பிறகு அடுத்ததற்குப் போ. இந்த வாத்தியத்தைத் தொடுகிற எவரும் முதல் நாளே கற்கிற பாடம் அது. ஏன் என்று கேட்காமலேயே வாழ்நாள் முழுக்க அதைக் காப்பாற்றி வந்தவர், இனி எனக்கென்ன என்று திருகாணிகளை வரிசையாகத் தளர்த்தினார்.

கம்பிகளைத் தாங்கும் குதிரை கையோடு வந்தது.

கடைசிக் கம்பியும் தொய்ந்தபோது, வாத்தியத்தின் வயிற்றுக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம். பிறகு ஏதோ உருண்டது. பிறகு நின்றது.

மதுரநாயகம் தரையில் உட்கார்ந்துவிட்டார். புஷ்பராணி போன அன்றுகூட அவர் இப்படி உட்காரவில்லை. அன்றைக்கு வந்தவர்களுக்கு நாற்காலி போடுகிற வேலை இருந்தது.

மத்தியானம், வாடகை வண்டியில் பேஸைப் படுக்கவைத்துக்கொண்டு வேப்பேரிக்கு வந்து சேர்ந்தார்.

"உள்ள எதுவோ செத்துப்போச்சு டீச்சர்."

டீச்சர் திருகாணிகளைப் பார்த்தார். எல்லாம் தொளதொளவென்று கிடந்தன.

"நாலையுமா?"

"விக்கப் போறேன். அதான். சாயங்காலம் ஆள் வர்றார். சத்தம் வர்ற அளவுக்குச் சரி பண்ணிக் கொடுத்துருங்க, போதும்."

டீச்சர் திட்டவில்லை. பேஸைப் பாயில் மல்லாத்தினார். ஒரு டார்ச்சை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"பாருங்க."

பலகையில் வெட்டியிருந்த துளை வழியே மதுரநாயகம் எட்டிப் பார்த்தார். இத்தனை காலம் கட்டிப்பிடித்திருந்த வாத்தியத்தின் உள்ளே அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. காலி செய்த வீடு மாதிரி இருந்தது. தூசி. ஒரு மூலையில் பெருவிரல் தடிமனுக்கு ஒரு மரக்குச்சி விழுந்து கிடந்தது.

"இதுவா?"

"அதுதான். மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவுல நிக்கிறது."

"உள்ள ஒரு குச்சி இருக்குன்னு சொல்வாங்க. இவ்வளவு சின்னதா?"

"இவ்வளவுதான். இது நிக்கலைன்னா பேஸ் இல்லை. வெறும் பெட்டி."

வளைந்த இரும்புக் கம்பி ஒன்றின் முனையில் குச்சியைக் குத்தி, துளை வழியாக உள்ளே விட்டு, டீச்சர் நிறுத்தப் பார்த்தார். விழுந்தது. மறுபடி நிறுத்தினார். மறுபடி விழுந்தது. நெற்றி வியர்வை மூக்கில் இறங்கியது. ஒருவழியாக நின்றபோது இரும்பை மெல்ல உருவி வெளியே எடுத்தார். பெரிதாக மூச்சு விட்டால் சாய்ந்துவிடும் போலிருந்தது.

"பசை போட்டுருங்க டீச்சர். இனிமே விழவே கூடாது."

"இதுவரைக்கும் பசை போட்டிருந்துச்சுன்னா நினைச்சீங்க?"

"இல்லையா?"

"இல்லை."

"ஆணி?"

"இல்லை."

"அப்ப இத்தனை வருஷம் எப்படி நின்னுச்சு?"

டீச்சர் குதிரையை அதன் இடத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"கம்பி கொடுங்க."

வாத்தியத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்று இருந்த கம்பிகளையெல்லாம் மதுரநாயகம் பையில் அள்ளிப்போட்டு வந்திருந்தார். உருக்கு இருந்தது. நரம்பு இருந்தது. கழற்றிப் போட்ட பழையதும் பேப்பரில் சுருட்டி இருந்தது.

"எதைத் தரட்டும்?"

"கைக்கு வர்றதை."

வந்தது பேப்பர்ச் சுருள்.

"இது அந்தச் சுமார் கம்பி டீச்சர். எதுக்கும் உருப்படாதது."

"இறுக்கினா இழுக்கும்ல?"

"இழுக்கும்."

டீச்சர் ஒரு கம்பியை மாட்டினார்.

"காதை வைங்க."

மதுரநாயகம் பலகையில் காதை வைத்துப் படுத்தார். திருகாணி சுற்றியது. கம்பி இறுகியது. குதிரை மேல்பலகையை அழுத்தியது. கீழ்ப்பலகை விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டுக்கும் நடுவிலிருந்து 'கிர்ர்' என்று ஒரு முனகல் எழுந்து அவர் காதுக்குள் வந்தது.

டீச்சர் பேஸின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். பதறிப்போய் அவர் டார்ச்சை அடித்துப் பார்த்தார்.

குச்சி நின்றது.

"அதுக்கு வலிக்காதா டீச்சர்?"

கேட்டவர் பேஸின்மேல் கவிழ்ந்து, மனைவி போன நாளிலிருந்து அழாத அழுகையை அழுதார். அழுது ஓய்ந்ததும் டீச்சர் பேப்பர்ச் சுருளை அவர் மடியில் வைத்தார்.

"மிச்சத்தை நீங்க போடுங்க."

"பாண்டிச்சேரிக்காரர் வந்துருவார்."

டீச்சர் எழுந்து மேசைக்குப் போய், அவர் அன்றைக்கு விட்டுப்போன வில்லை எடுத்துப் பிசின் தேய்க்க ஆரம்பித்தார்.

மதுரநாயகம் அடுத்த கம்பியை மாட்டினார். அதற்கடுத்ததை எடுத்தவர் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"பெரிய வெள்ளிக்கு வாசிச்சாலும் பெஞ்சை இழுத்த மாதிரிதான் இருக்கும்."

"ஆமா, அண்ணே."

"அவ குரலும் வராது."

"வராது."

மதுரநாயகம் கம்பியை மாட்டித் திருகினார். நாலாவதையும் மாட்டிவிட்டு வில்லுக்காகக் கையை நீட்டினார்.