இல்லாதவள் சொன்ன பதில்

இது நடந்தபோது நான் அங்கே இல்லை. எனக்குச் சொன்ன ராயப்பனும் முழுதாகப் பார்த்தவர் இல்லை. அவர் லாரியில் மரம் ஏற்றுகிறவர். அன்று கீழே சாலையில், லாரிக்குப் பக்கத்தில் இருந்தார். மீதியை அங்கே இருந்தவர்களிடம் கேட்டுச் சேர்த்துக்கொண்டதாகச் சொன்னார்.

மரம் வெட்டக் குறித்துவிட்ட காட்டுப் பகுதியைக் கூப்பு என்பார்கள். கூப்பில் வேலை செய்கிறவர்களிடம் போய்ப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதுதான் எனக்குக் கிடைத்த முதல் வேலை. ஹெல்மெட்டைப் பற்றியும் பூட்ஸைப் பற்றியும் பேசலாம் என்று நினைத்திருந்தேன். வேறு என்ன பேசலாம் என்று ராயப்பனிடம் கேட்டேன்.

அவர் இதைச் சொன்னார்.

*

"வாத்தியாரம்மா, என் பயம் போக ஒரு வழி சொல்லு தாயி."

கேட்டவர் பொன்னுரங்கம். பல வருஷம் சுமை தூக்கியவர். அறுக்கிற மிஷினை அப்போதுதான் அவர் கையில் கொடுத்திருந்தார்கள்.

வாத்தியாரம்மா என்பது அருளாயி. பொன்னுரங்கத்தைவிட வயதில் சின்னவர். அவர் மிஷினைத் தொட்டதில்லை. ஒரு பாறைமேல் சிவப்புத் துணியுடன் நிற்பார். அதுதான் அவர் வேலை.

அந்தக் கூப்பு முழுக்கச் சரிவு. புதர் மறைக்கும். யார் எங்கே இருக்கிறார்கள் என்று கண்ணால் பார்க்க முடியாது. அதனால் ஒவ்வொரு மரத்துக்கும் கடைசி அறுப்புக்கு முன்னால் அருளாயி கத்துவார்.

"மரம்!"

எல்லாரும் பேரையும் இடத்தையும் திருப்பிக் கத்த வேண்டும். எல்லாக் குரலும் வந்த பிறகுதான் துணி இறங்கும். துணி இறங்கிய பிறகுதான் மிஷின் மிச்சத்தை அறுக்கும்.

பதில் சொல்லாதவர் அன்றைக்கு வீட்டுக்குப் போய்விட வேண்டும். கூலி கிடையாது.

அவருக்கு வாத்தியாரம்மா என்று கேலியாகத்தான் பேர் வைத்தார்கள். நாலைந்து பேர் வீட்டுக்குப் போன பிறகு கேலி நின்றுவிட்டது. பேர் மட்டும் நிலைத்துவிட்டது.

"எதுக்குண்ணே பயம்?" என்று கேட்டார் அருளாயி.

"நான் அறுக்குற மரம் யாரு மேலயாச்சும் விழுந்துருமோன்னு."

"யாரு மேல?"

பொன்னுரங்கம் பேரைச் சொல்லவில்லை. பெண்கள் பட்டை உரிக்கிற பக்கம் பார்த்தார். அவர் மனைவி மயிலாத்தா அங்கே இருந்தாள்.

"நாளைக்கு மிஷினைத் தொடாதீங்க. மதினி கூட உக்காந்து பட்டை உரிங்க."

*

மறுநாள் அவர் பட்டை உரிக்க உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை வந்துட்டாரு," என்றாள் மயிலாத்தா. "ஏ சகாயம், ரெண்டு வளையல் இருந்தா கொடு. போட்டு விடுறேன்."

சகாயம் அவளுடைய கூட்டாளி. எப்போதும் பக்கத்தில் இருப்பவள்.

"வளையல் அப்புறம். முதல்ல கத்தியைப் பிடிக்கச் சொல்லு. அண்ணன் மரத்தை உரிக்கிறாரா, தடவிக் கொடுக்குறாரா?"

பொன்னுரங்கமும் சிரித்தார். 'மரம்!' என்ற சத்தம் வந்தபோதெல்லாம் எழுந்து நின்று பார்த்துவிட்டுப் பதில் சொன்னார். பிறகு உட்கார்ந்தபடியே பார்த்துச் சொன்னார். மதியத்துக்குமேல் கை வேலையில் இருந்தது, வாய் தானாகச் சொன்னது.

"பொன்னுரங்கம், பட்டைக் குவியல்கிட்ட!"

மரம் விழுந்தது. அவர் பீடியைப் பற்றவைத்தார்.

யாரோ பின்னால் நின்றார்கள். அருளாயி.

"அண்ணே, இப்பப் பதில் சொன்னது யாரு?"

"நான்தான்."

"எந்த மரம் விழுந்துச்சு?"

பொன்னுரங்கம் நிமிர்ந்து பார்த்தார். மேலே ஒரு மரத்தைக் காட்டலாம் என்று கையைத் தூக்கினார். அந்த மரம் நின்றுகொண்டிருந்தது.

அருளாயியும் அந்த மரத்தைப் பார்த்தார். பாறைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

சாயங்காலம் பொன்னுரங்கம் பாறைக்குப் போனார்.

"தாயி, நேத்து மரத்துக்குத்தான் பயந்தேன். இன்னைக்குப் பதிலுக்கும் பயமா இருக்கு."

"பயம் கூடிருச்சா?"

"கூடிருச்சு."

"அப்ப நாளைக்கு மிஷினை எடுங்க."

*

அது பெரிய தைல மரம். சரிவின் விளிம்பில், கீழே பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்து நின்றது.

அறுக்கத் தொடங்குமுன் ஒரு தடவை கூப்பிட்டார்கள். எல்லாரும் பதில் சொன்னார்கள். மயிலாத்தாவும் சொன்னாள். அது அவளேதான்.

மரம் விழ வேண்டிய பக்கம் அடிமரத்தில் பொன்னுரங்கம் திறந்த வாய்போல ஒரு வெட்டு வெட்டினார்; அதை வாய் என்பார்கள். பிறகு பின்பக்கமாக வந்து அறுத்தார். ஆப்பு அடித்தார்கள். நடுவில் கொஞ்சம் மரம்தான் மிச்சம். அதுதான் மொத்த மரத்தையும் பிடித்துக்கொண்டிருந்தது.

மிஷின் உறுமிக்கொண்டே இருந்தது. அவர் துணியைப் பார்த்தார்.

"மரம்!"

"செல்லக்கண்ணு, மேட்டுல!"

"சகாயம், பட்டைக் குவியல்கிட்ட!"

"மயிலாத்தா, சகாயம் பக்கத்துல!"

மற்ற குரல்களும் வந்தன. துணி இறங்கியது.

பொன்னுரங்கம் அறுக்கவில்லை.

கயிறு பிடிக்கிற செல்லக்கண்ணு மேட்டிலிருந்து கத்தினான். "என்னண்ணே, மரத்துக்கிட்ட நல்ல நேரம் கேக்குறீங்களா?"

யாரோ சிரித்தார்கள். கீழே சாலையிலிருந்து ராயப்பனின் லாரி ஹாரன் அடித்தது.

பொன்னுரங்கம் மிஷினை அணைத்தார்.

"என்னண்ணே?" என்றார் அருளாயி.

"இன்னொரு தடவ கேளு தாயி."

"பதில் வந்துருச்சே."

"தெரியும். கேளு."

அருளாயி துணியைத் தூக்கினார். மறுபடி கத்தினார். அதே குரல்கள் அதே வரிசையில் வந்தன.

"மயிலாத்தா, சகாயம் பக்கத்துல!"

"போதுமா?" என்றான் செல்லக்கண்ணு. "இல்ல, ஆளாளுக்குப் போட்டோ வேணுமா?"

"வேணும்," என்றார் பொன்னுரங்கம்.  "எல்லாரும் பாறைக்கு வாங்க. மூஞ்சியப் பார்க்கணும்."

"பைத்தியமா இந்தாளுக்கு?"

அருளாயி பொன்னுரங்கத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "வாங்க எல்லாரும்."

முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். செல்லக்கண்ணு வந்தான். பட்டை உரிக்கிறவர்கள் கத்தியோடு வந்தார்கள்.

சகாயம் தனியாக வந்தாள்.

"எங்க?" என்றார் பொன்னுரங்கம்.

சகாயம் தரையைப் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கிக் கீழே காட்டினாள். மரத்தின் வெட்டிய வாய் எங்கே பார்த்ததோ, நேராக அங்கே.

"சுள்ளி பொறுக்கப் போனா. இந்தா வந்துருவேன்னா."

"அவ குரல்ல பேசுனது யாரு?"

"நான்தாண்ணே. தெனமும் பேசுறதுதான். நான் போனா அவ பேசுவா. அவ போனா நான் பேசுவேன்." பிறகு சொன்னாள்: "நாங்க மட்டும் இல்ல."

மற்றப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

 சரிவு முழுக்க வெட்டிச் சாய்த்த மரங்கள் கிடந்தன. எல்லாரும் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்களாம்.

மரம் ஒரு தடவை 'டக்' என்றது.

காற்று பெரிதாக இல்லை. ஆனால் இருந்தது.

பொன்னுரங்கம் கீழே ஓடப் பார்த்தார். அருளாயி அவர் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தார். சட்டை கிழிந்தது. அவர் விடவில்லை.

"நீங்களும் போனா ரெண்டு பேரு."

"விடு தாயி!"

"கூப்பிடுங்க."

"மயிலு! ஏ மயிலு!"

பதில் இல்லை.

"மதினி!"

பதில் இல்லை.

'டக்.'

"ஏ புள்ள, மரம் வருது! வெளிய வா!"

ஒரு புதரும் அசையவில்லை.

"அடிபட்டுக் கிடக்காளோ," என்றாள் ஒருத்தி.

"இல்ல," என்றாள் சகாயம். அழ ஆரம்பித்திருந்தாள். "ஒளிஞ்சிருக்கா."

"எதுக்கு?"

"மரம் வருதுன்னு சும்மா வெளிய வர வைக்குறீங்கன்னு நினைப்பா. தலையைக் காட்டினா வாத்தியாரம்மா வீட்டுக்கு அனுப்பிரும்ல."

அருளாயியின் முகம் அப்போது மாறியதாக ராயப்பன் சொன்னார். சாலையிலிருந்து முகத்தை எப்படிப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை.

அருளாயி சட்டையை விட்டார். இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டார்.

"மதினி! கூலி உண்டு! யாரையும் அனுப்பல! கூலி உண்டு மதினி!"

கீழே ஒரு புதர் அசைந்தது.

மயிலாத்தா எழுந்தாள். தலையில் சுள்ளிக் கட்டு இருந்தது.

"முழுக் கூலியா?" என்று கத்தினாள்.

"முழுக் கூலி! மேக்க பார்த்து ஓடுங்க!"

அவள் நடந்தாள். கட்டு விழாமல் இருக்க ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"கட்டைப் போடுடி!" என்றார் பொன்னுரங்கம். "கட்டைப் போட்டுட்டு ஓடுடி!"

அப்போதுதான் அவள் திரும்பி மேலே பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள். மரத்தின் வாயைப் பார்த்தாள்.

கட்டு விழுந்தது. அவள் ஓடினாள்.

இந்த இடத்தில் மரம் தானாக விழுந்தது என்றுதான் ராயப்பன் முதலில் சொன்னார். நான் திரும்பக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, இல்லை, விழவில்லை என்றார்.

மரம் நின்றது.

மயிலாத்தா சுற்றிக்கொண்டு பாறைக்கு வந்து சேர்ந்தாள். கை காலெல்லாம் முள் கிழித்திருந்தது. யாரும் அவளைத் திட்டவில்லை. அவளுக்கு அதுதான் பயமாக இருந்திருக்க வேண்டும்.

"என்ன எல்லாரும் இப்படிப் பார்க்குறீங்க?" என்று கேட்டாள்.

பொன்னுரங்கம் பாறையில் நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மனைவியின் முகத்தை இரண்டு தடவை பார்த்தார். பிறகு மரத்துக்குத் திரும்பிப் போய் மிஷினைக் கிளப்பினார்.

மரம், வாய் பார்த்த இடத்திலேயே விழுந்தது. காலுக்குக் கீழே பாறை அதிர்ந்தது. தூசி அடங்கியதும் கீழே பார்த்தார்கள். சுள்ளிக் கட்டு கண்ணுக்குத் தெரியவில்லை.

மயிலாத்தா உட்கார்ந்துவிட்டாள்.

"வாத்தியாரம்மா," என்று சகாயம் மெதுவாகக் கூப்பிட்டாள். "நான் வீட்டுக்குப் போகட்டுமா?"

அருளாயி சிவப்புத் துணியை மடித்தார். அதைச் சகாயத்தின் கையில் வைத்தார். மர நிழலில் இருந்த தன் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பாதையில் இறங்கினார்.

பொன்னுரங்கம் பின்னால் ஓடினார்.

"எங்க தாயி போற?"

"வீட்டுக்கு."

"எதுக்கு?"

"மதினிகிட்ட இருந்து பதில் வரல. நான் துணியை இறக்கிட்டேன்."

"பதில் சொல்லாதவங்கதான வீட்டுக்குப் போகணும்? நீ கேக்குற ஆளாச்சே!"

அருளாயி நிற்கவில்லை.

"அதாண்ணே."

*

பிறகு ஒரு நாள் அந்தக் கூப்புக்கு நானே போனேன். பேச வேண்டியதை எழுதிக்கொண்டு போயிருந்தேன். மேலே மரம் அறுக்கிற சத்தம் கேட்டதும் சாலையிலேயே நின்றுவிட்டேன்.

பாறைமேல் ஒரு பெண் சிவப்புத் துணியோடு நின்றார். அது அருளாயியா சகாயமா என்று தூரத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை.

"மரம்!"

பேரும் இடமுமாகக் குரல்கள் வந்தன. கடைசியாக ஒரு பெண் குரல் எல்லாருக்கும் கேட்கும்படி கத்தியது.

"அந்தோணியம்மா இங்க இல்ல! ஒதுங்கப் போயிருக்கா! எந்தப் பக்கம்னு தெரியல!"

மிஷின் அணைந்தது.

என் பஸ் வரும்வரை அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதுவரை மிஷின் மறுபடி கிளம்பவில்லை.