பாறைகிட்ட கேட்ட வௌவாலுங்க

மிருகமும் பறவையும் பேசிட்டு இருந்த அந்தக் காலத்துல, வௌவாலுங்க பட்டப்பகல்லதான் பறக்கும்! கண்ணு அவ்வளவு கூர்மை. எல்லாம் ஒரே மலைக்குகைல குடியிருந்துச்சு. வாசல்ல நின்ன அத்திமரத்துல மைனாவோட சேர்ந்து பழம் தின்னும்.

குகைல ஒரு வழக்கம். எதுலயாவது சந்தேகம்னா பாறையப் பாத்துக் கத்தணும். பாறை அதையே திருப்பிச் சொல்லிட்டா உண்மை. அவ்வளவுதான்!

ஒருநாள் தலைவர் தொங்கலாருக்கு வயித்துவலி. அவ்வளவு பழத்த அமுக்கினா வலிக்காதா? ஆனா அவரு பாறையப் பாத்து, "மைனா பழத்துல விஷம் வெச்சிருக்கு!"ன்னு கத்தினாரு.

"வெச்சிருக்கு... வெச்சிருக்கு..."

"கேட்டீங்களா? பாறையே சொல்லிடுச்சு!"

அப்புறம் யாரும் வெளியே போகல. மைனா எட்டிப் பாத்து, "என்னப்பா, ஆளையே காணோம்?"னு கேட்டா, "வேவு பாக்குது!" கேக்காமப் போனா, "மாட்டிக்குவோம்னு பயம்!"

சிவந்தின்னு ஒரு தாய் வௌவால். அவ குட்டி பசில சுருண்டு கிடந்துச்சு. அழக்கூடத் தெம்பில்ல. தாங்க முடியாம அவளே பாறையப் பாத்துக் கத்தினா: "பழம் நல்லது!"

"நல்லது... நல்லது..."

எல்லாரும் தொங்கலார் பக்கம் திரும்பினாங்க.

"அடிப்பாவி! பாறையவே கைக்குள்ள போட்டுக்கிட்டாளே!"ன்னாரு தொங்கலார்.

"அண்ணே, நாம என்ன சொல்றோமோ அதத்தான் அது சொல்லுது."

"துரோகி!"ன்னு கூட்டமே கத்துச்சு. குகையும், "துரோகி... துரோகி..."

சிவந்திக்கே திக்குன்னு ஆச்சு. இத்தனை குரலு சொல்லுதே, நிஜமாவே நாமதான் தப்போ? அப்ப குட்டி லேசா அசைஞ்சுச்சு. அத வயித்தோட அணைச்சுக்கிட்டு ஒரே பாய்ச்சல், வெளியே!

மொதல்ல தானே ஒரு பழத்தக் கடிச்சா. கொஞ்ச நேரம் காத்திருந்தா. ஒண்ணும் ஆகல. குட்டிக்கு ஊட்டினா. கண்ணத் திறந்துச்சு!

"வாங்க, ஒண்ணும் ஆகல!"ன்னு உள்ள பாத்துக் கூப்பிட்டா.

"விஷம் தலைக்கேறிடுச்சு, உளர்றா!"ன்னாரு தொங்கலார்.

"உளர்றா... உளர்றா..."ன்னுச்சு குகை.

அன்னையிலருந்துதான் சிவந்தி வம்சம் பட்டப்பகல்ல திறந்த மரத்துல தொங்குது, கண்ணால பாத்தே பழம் தேடுது. குகைல தங்கின கூட்டத்துக்கோ இருட்டுலயே இருந்து கண்ணு மங்கிப்போச்சு. பொழுது சாஞ்சாத்தான் வெளியே வருது. வழியக்கூட, தானே கத்தி, திரும்பி வர்ற தன்னோட சத்தத்தக் கேட்டுத்தான் கண்டுபிடிக்குது. பசிச்சா பூச்சியப் பிடிச்சுத் தின்னுது. பழமா? அதுமேல இன்னும் சந்தேகம்தான்!