டீயின் மேல் ஒரு கோடு

குரு சீடரைவிட மூத்தவராக இருப்பார் என்று நம் மக்கள் நெடுங்காலமாக நம்பி வருகிறார்கள். பிழை. அவருக்குத் தாடி இருக்கும் என்பதும் பிழை. கோயம்புத்தூரில், குறிச்சிப் பக்கம் டிராக்டர் பாகங்கள் செய்யும் ஓர் ஆலையின் இரண்டாம் மாடியில் குருவுக்கு இருபத்தொன்பது வயது, பெயர் ஜெசிந்தா. சீடர் சென்னியப்பனுக்கு ஐம்பத்திரண்டு. தாடி இருவருக்குமே கிடையாது.

"மேடம், பெயிண்ட் கணக்கு நகர மாட்டேங்குதுங்க" என்றார் சீடர்.

அவர் கீழே பெயிண்ட் பிரிவில் இருபத்து நாலு வருடம் இருந்தவர். பெயிண்டில் கலக்கும் தின்னரின் வாசனையை நெஞ்சு இனித் தாங்காது என்று டாக்டர் சொன்ன பிறகு மாடிக்கு அனுப்பினார்கள். மாடியில் எதையும் செய்வதில்லை. செய்யப்போகும் பொருள் எவ்வளவு சுடும், எங்கே விரியும் என்று கணினியில் முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள்.

இப்போது கணக்கில் இருந்தது புதிய சைலன்சர் மூடி. ஓட்டுநர் இறங்கும்போது கால் படுகிற இடம். அதன்மேல் சூடு தடுக்கும் பூச்சு அடிக்க வேண்டும் என்று சென்னியப்பன் மூன்று வருடமாகச் சொல்லி வந்தார். அவருடைய இடது முழங்காலுக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒரு தழும்பு இருந்தது.

பூச்சால் எத்தனை டிகிரி குறையும் என்று வியாழக்கிழமைக் கூட்டத்தில் காட்டினால், பொருள் பட்டியலில் பூச்சுக்கு ஒரு வரி. காட்டாவிட்டால் இல்லை.

அன்று புதன்.

"எத்தனை நாளா ஓடுதுண்ணா?"

"மூணு நாளுங்க. நாலு சதவீதத்துலயே நிக்குது."

ஜெசிந்தா திரையைப் பார்த்தாள். மூடியின்மேல் அவர் பூச்சையும் வரைந்து வைத்திருந்தார். அரை மில்லிமீட்டர் கனம். ஒவ்வொரு வளைவிலும் வளைந்து, ஒவ்வொரு போல்ட் ஓட்டையைச் சுற்றியும் பிசிறில்லாமல் நின்றது. அழகாகத்தான் இருந்தது.

கணினி எதையும் சிறு துண்டுகளாக வெட்டித்தான் கணக்குப் போடும். மெல்லிய பொருளென்றால் துண்டும் பொடியாக வேண்டும்.

"எத்தனை துண்டு?"

"ஒரு கோடியே இருபது லட்சம்."

"மூடி மட்டும்னா?"

"நாப்பதாயிரம்."

"பெயிண்டை அழிச்சிருங்க."

சென்னியப்பன் எழுந்தே விட்டார்.

"ஏனுங்க மேடம், நீங்களுமா?"

"வரைஞ்சதைத்தாண்ணா அழிக்கச் சொல்றேன். மூடியோட மேல்பரப்பைத் தொட்டு, இதுமேல பூச்சு இருக்கு, இவ்வளவு கனம், சூட்டை இவ்வளவுதான் கடத்தும்னு எழுதுங்க. போதும்."

"இல்லாததை இருக்குன்னு எழுதறதுங்களா?"

"இருக்கறதை எழுதறது."

"இருந்தா தெரியோணும்ங்க. நான் அடிச்ச பெயிண்டு நகத்துல சுரண்டினா கையோட வரும். நாளைக்குக் கூட்டத்துல பெயிண்ட் எங்கேன்னு கேட்டா, நெஞ்சைத் தொட்டுக் காட்டறதுங்களா?"

டீ வந்தது. ஜெசிந்தா தன் கண்ணாடி டம்ளரை அவர் முன்னால் நகர்த்தி, ஒரு தாளையும் பென்சிலையும் வைத்தாள்.

"இதை வரைங்க. பக்கவாட்டுல இருந்து பாக்கற மாதிரி."

"டீயைங்களா?"

"டீயைத்தான்."

அவர் வரைந்தார். இரண்டு பக்கச் சுவர், ஓர் அடி, டீ நிற்கும் மட்டத்தில் குறுக்கே ஒரு கோடு.

"சர்க்கரை?"

"கரைஞ்சிருச்சுங்க. வேணும்னா எறும்பு வரையறேன்."

ஜெசிந்தா சிரித்தாள். பிறகு தன் வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

மின்விசிறி சுற்றியது. சென்னியப்பன் தன் டீயைக் குடித்து முடித்தார். நாலு சதவீதம் நாலாகவே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் திரும்பாமலே சொன்னாள்:

"இப்ப வரைங்கண்ணா."

"வரைஞ்சாச்சுங்களே."

"அப்ப இருந்த டீயை வரைஞ்சீங்க. இப்ப இருக்கற டீயை வரைங்க."

அவர் குனிந்து பார்த்தார். டீயின் மேல் ஆடை படிந்திருந்தது. நடுவில் லேசாகச் சுருங்கி, ஓரத்தில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

பெயிண்ட் பிரிவின் ஆளுக்கு இது பெரிய காரியமா? பழைய கோட்டின் கீழே இன்னொரு கோடு இழுத்தார். ஆடை விரல் தடிமனில் வந்து நின்றது. அழித்தார். நெருக்கி இழுத்தார். இன்னும் தடிமன்தான். பென்சிலைச் சீவினார். இழுத்தார். இரண்டு கோடும் ஒட்டிப்போய் ஒரே கோடாகிவிட்டன. அந்த ஒரு கோடே ஆடையைவிடத் தடிமனாக இருந்தது.

அழித்தார்.

முதலில் வரைந்த கோடு மட்டும் மிஞ்சியது.

"வரைஞ்சாச்சா?"

சென்னியப்பன் டம்ளரைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். விரல் நுனியால் ஆடையின் ஓரத்தைத் தொட்டார். அது கையோடு வந்தது.

அதைத் துடைக்க மறந்து, மற்ற கையால் பென்சிலை எடுத்து, கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சொல் எழுதினார்.

ஆடை.

"என் டீயில கையை வெச்சுட்டீங்க" என்றாள் ஜெசிந்தா.

"வேற வாங்கித் தர்றனுங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பார்த்துப் பார்த்து வரைந்த பூச்சு ஒரு சொடுக்கில் போனது. கொஞ்சம் வலித்தது. மேல்பரப்பைத் தொட்டார். ஒரு பெட்டி திறந்தது. கனம் கேட்டது, எழுதினார். சூடு எவ்வளவு கடத்தும் என்று கேட்டது. அதை அவர் தூக்கத்திலும் சொல்வார். கடைசியாக, பூச்சின் பெயர் கேட்டது. அதையும் எழுதினார்.

நாலு நிமிடத்தில் கணக்கு முடிந்தது. பதினெட்டு டிகிரி குறைந்திருந்தது.

வியாழக்கிழமைக் கூட்டம் நடந்தது.

அடுத்த திங்கட்கிழமை, கொள்முதல் பிரிவிலிருந்து சென்னியப்பனுக்கு ஒரு கடிதம் வந்தது. புதிய மூடியின் பொருள் பட்டியலில் கண்டுள்ள 'ஆடை' எந்த நிறுவனத்தின் தயாரிப்பு, எத்தனை லிட்டர் டின்னில் வரும் என்பதை உடனே தெரிவிக்குமாறு அதில் கேட்டிருந்தார்கள்.