வாய் கட்டிய தீர்ப்பு

கௌதாரியின் முட்டைகளைத் தின்றது உடும்புதான் என்று சிறுத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டது. தண்டனை, கழுகுப் பாறை. அங்கே கட்டிப் போட்டால் மிச்சத்தைக் கழுகு பார்த்துக்கொள்ளும்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். விசாரணை முடியும்வரை குற்றம் சாட்டப்பட்டவரின் வாயைக் கொடியால் கட்டிவிடுவார்கள். சாட்சிகள் பயப்படக் கூடாதாம். ரொம்ப அக்கறை! இது அநியாயம் என்று முயலுக்கும் மானுக்கும் தெரியாமல் இல்லை. சொன்னால் தங்கள் வாய்க்கும் கொடி வருமே என்று தலையாட்டிவிட்டுப் போயின.

பெண் உடும்பு மட்டும் யானையிடம் ஓடியது. சிறுத்தையின் தீர்ப்பை மாற்றும் அதிகாரம் யானைக்குத்தான் உண்டு.

"ஐயா, அப்பீல். என் வீட்டுக்காரரை ஒரு வார்த்தை பேச விடாமல் தண்டித்துவிட்டார்கள்."

யானை உடும்பைக் கொண்டுவரச் சொன்னது. வாய்க்கட்டோடுதான் இழுத்து வந்தார்கள். கழுகின் நிழலும் கூடவே வந்தது.

சிறுத்தையின் தரப்பில் நரி பேசியது. "பேச விடவில்லையா? 'நீ தின்றாயா' என்று சிறுத்தையார் திரும்பத் திரும்பக் கேட்டார். பதிலே இல்லை. மௌனம் சம்மதம்."

"வாயைக் கட்டிவிட்டு மௌனம் சம்மதமா? உன் வாயைக் கட்டி 'நீ திருடனா' என்று நான் கேட்கட்டுமா?" என்றது பெண் உடும்பு.

"இதோ பாரம்மா, உங்கள் இனம் முட்டை தின்கிற இனம்தானே?"

"ஆமாம், தின்போம். நீ கோழி தின்பாய். அதற்காக ஊரில் காணாமல் போகிற கோழிக்கெல்லாம் நீதான் பொறுப்பா?"

கூட்டம் சிரித்தது. நரி திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டது.

"கட்டை அவிழ். சாட்சியையும் கூப்பிடு" என்றது யானை.

"ஐயா, சாட்சி பயந்துவிடும்."

"பயந்தால் நான் பக்கத்தில் நிற்கிறேன். அவிழ்."

கௌதாரி வந்தது. பாவம், அழுது அழுது அதன் குரலே போயிருந்தது. கட்டு அவிழ்ந்த உடும்புக்கும் நாக்கு எழ நேரமானது.

"அக்கா, அன்றைக்கு என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டது உடும்பு.

"உன் வாலைத்தான். புதருக்குள் நுழைந்தது. நீளமாக, பழுப்பாக."

"காலைப் பார்த்தீர்களா?"

"கால்..." கௌதாரி யோசித்தது. "கால் இல்லை. வால்தான் போனது. போய்க்கொண்டே இருந்தது."

சொன்ன பிறகுதான் அதற்கே உறைத்தது. இறகெல்லாம் சிலிர்க்க நின்றது.

"ஐயோ, இதை ஏன் அன்றைக்கே என்னிடம் யாரும் கேட்கவில்லை?"

கூட்டத்தின் பின்பக்கம் சருகுகள் சரசரத்தன. எதுவோ தரையோடு தரையாக நழுவிப் போகிற சத்தம். இவ்வளவு நேரம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த முயல், பயத்தில் அலறக்கூட முடியாமல் விறைத்துப்போனது.

"தண்டனை ரத்து. இனி இந்தக் காட்டில் யாருடைய வாயையும் கட்டி விசாரிக்கக் கூடாது" என்றது யானை.

குற்றம் சாட்டப்பட்டவனைப் பேச விடாமல் கொடுக்கும் தீர்ப்பு, நிரபராதியைக் கழுகுக்குப் போட்டுவிட்டு, குற்றவாளியை நம் பக்கத்தில் உட்கார வைத்துவிடும்.