தணிகாசலம் வெட்டிய படம்

சாலிகிராமத்தில் இருக்கும் பிலோமினாவின் எடிட்டிங் அறைக்கு ஒருநாள் காலை தணிகாசலம் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். வணக்கம் சொன்னார். ஆனால் உட்காரவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"ஒரே படம். பாதிப் பேர் காவியம்ங்கறான். பாதிப் பேர் கழுத்தறுப்புங்கறான். யார் சொல்றது சரி?"

எந்தப் படம் என்று பிலோமினா கேட்கவில்லை. அந்த மாதம் சினிமாக்காரர்கள் கூடிய இடத்தில் எல்லாம் ஒரே படத்தைப் பற்றித்தான் பேச்சாக இருந்தது.

'ஏழாவது குடம்' என்று பெயர். கோவில்பட்டிப் பக்கத்தில் ஒரு தெருக்குழாய். அதில் ஆறு குடத்துக்கு மேல் தண்ணீர் வராது. பேச்சி என்கிற பெண்ணின் குடம் எப்போதும் ஏழாவதாக நிற்கும். கடைசியில் ஒருநாள் அவள் குடம் முதலாவதாக வருகிறது. அன்று அவள் தன் குடத்தை எடுத்துவிட்டு, பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பக்கத்து வீட்டுக்காரியின் குடத்தை வைக்கிறாள். இதுதான் கதை. இதைச் சொல்ல இரண்டரை மணி நேரம். பாட்டு இல்லை, சண்டை இல்லை. குழாய் சொட்டும், குடம் நிறையும், கேமரா இருந்த இடத்தை விட்டு அசையாது.

வெளிநாட்டில் பரிசு வாங்கிய படம். பத்திரிகைகள் தலையில் தூக்கி வைத்து ஆடின. சென்னையில் திரைப்பட விழாவில் போட்டபோது முன்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பின்வரிசைக்காரர்கள் அதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து போயிருந்தார்கள்.

"குடம் ரொம்பறதுக்குள்ள எனக்குத் தாடி முளைச்சிருச்சுய்யா" என்றார் வெளியே வந்த ஒருவர்.

"உங்க வீட்டுல பைப்பைத் திறந்தா தண்ணி வருது. உனக்கு எங்க புரியப்போகுது?" என்று இன்னொருவர் அவர் சட்டையைப் பிடிக்கப் போனார். விலக்கிவிட நாலு பேர் வேண்டியிருந்தது.

ஆக, நியாயமான கேள்விதான். ஆனால் தணிகாசலத்துக்கு அது மண்டையிலிருந்து வரவில்லை, வயிற்றிலிருந்து வந்தது.

அவர் பிலோமினாவின் சீடர். வயதில் குருவைவிட மூத்தவர். வேலூரில் கல்யாண வீடியோ வெட்டிக்கொண்டிருந்துவிட்டு, தலை நரைக்கத் தொடங்கிய பிறகு சினிமாவுக்கு வந்தவர். பிலோமினா அவரை 'நீங்க' என்பார். அவர் பிலோமினாவை 'மேடம்' என்பார். வயது வேறு, வித்தை வேறு என்பதில் இருவருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

அந்தப் படத்தை எடுத்த சுடலைமுத்துவும் இதே அறையில் தொழில் படித்தவன்தான். தணிகாசலத்துக்குப் பல வருஷம் இளையவன். அவன் வந்த புதிதில் எந்த பட்டனை அழுத்த வேண்டும் என்று காட்டிக்கொடுத்ததே தணிகாசலம்தான். இருவரும் ஒரே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டவர்கள். இன்று அவன் படம் பேப்பரில் வருகிறது. தணிகாசலம் எத்தனையோ வெற்றிப் படங்களை வெட்டியிருக்கிறார். அவர் பெயர் திரையில் ஓடும்போது ஜனங்கள் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். அவர் மனைவி கனகவல்லி பண்ணியதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவர் வெட்டிய படங்களைப் பார்த்துவிட்டு அவள் சொல்வதெல்லாம் ஒன்றுதான்: "நல்லாத்தான் இருக்கு." விழாவில் சுடலையின் படத்தைப் பார்த்தவள் ஆட்டோவில் பாதி தூரம் வாயே திறக்கவில்லை. பிறகு, "அந்தப் பேச்சி அவ குடத்தை எடுத்துட்டு இவ குடத்தை வைக்கிறா பாருங்க..." என்று தொடங்கினாள். முடிக்காமல் வெளியே பார்த்துக்கொண்டாள்.

அன்று தணிகாசலத்துக்குச் சோறு இறங்கவில்லை.

"இப்ப எதுக்கு இந்தக் கேள்வி?" என்று பிலோமினா கேட்டார்.

"படத்தை என்கிட்டதான் குடுத்திருக்காங்க மேடம். வெட்டறதுக்கு."

"ஓ."

"விழாவுல போட்டது இருக்கட்டும், தியேட்டர்ல போடணும்னா அரைமணி நேரம் குறைக்கணும்னு தயாரிப்பாளர் கறாரா சொல்லிட்டார். சுடலை தன்னால முடியாதுன்னுட்டான். அவனேதான் என் பேரைச் சொன்னான்."

சுடலை போனில் சொன்னதை அவர் முழுதாகச் சொல்லவில்லை. அவன் சொன்னது இது: "பெத்த பிள்ளை மேல நானே எப்படிக் கத்தி வைப்பேன் அண்ணாச்சி? ஒங்க கைன்னா எனக்குப் பயமில்ல. நீங்க எதை வெட்டினாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

அதைக் கேட்டபோது தணிகாசலத்துக்குக் கண் கலங்கியது. சந்தோஷமும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவர் யோசித்துப் பார்க்கவில்லை.

"அதான் கேக்கறேன் மேடம். யார் சொல்றது சரின்னு தெரிஞ்சா, எங்க கத்தி வைக்கறதுன்னு தெரிஞ்சிடும்."

பிலோமினா பக்கத்து மேசையைக் காட்டினார். "இங்கேயே உக்காந்து வெட்டுங்க. முடிச்சதும் பதில் சொல்றேன்."

தணிகாசலம் வெட்டத் தொடங்கினார்.

வேலை என்று உட்கார்ந்துவிட்டால் மனுஷனை அசைக்க முடியாது. ஒரு ஷாட்டை ஓடவிடுவார், நிறுத்துவார், நாக்கைச் சப்புக் கொட்டுவார், வெட்டுவார். பிலோமினா தன் மேசையில் வேறொரு படத்தின் சண்டைக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தணிகாசலம் பேசியதெல்லாம் அவர் காதில் விழுந்தது.

"இது எதுக்கு இவ்வளவு நேரம்? ஜனங்க என்ன வேலை வெட்டி இல்லாதவங்களா?"

இன்னொரு நாள், "பெரிய இவன்! கேமராவை வச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டான்போல" என்றார்.

வெட்ட வெட்ட அவருக்கு உடம்பு லேசானது. மதியம் இரண்டு தடவை மோர் வாங்கிக் குடித்தார். பழைய பாட்டு ஒன்றை முனக ஆரம்பித்தார். பிலோமினா சண்டைக் காட்சியின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தார்.

பேச்சி குடத்தை மாற்றி வைக்கும் இடம் வந்தபோது மட்டும் பாட்டு நின்றது. அவர் அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். பிறகு பாதிக்கு மேல் வெட்டினார். கை குடத்தின் மேல் போகிறது. அடுத்தது, குடம் மாறியிருக்கிறது. அவ்வளவுதான்.

"ஜனங்களுக்குப் புரிஞ்சா போதும்ல மேடம்?" என்றார் திரும்பாமலே.

"உங்க வேலை. நீங்க பாருங்க" என்றார் பிலோமினா.

ஒருவழியாக வெட்டி முடிந்தது. இருவரும் உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தார்கள். எங்கேயும் இடிக்கவில்லை. தணிகாசலத்தின் கை அப்படி. பக்கத்து வீட்டுக்காரி குடம் நிறைத்தாள், பேச்சி வீடு திரும்பினாள், ரேஷன் கடையில் சச்சரவு நடந்தது, கல்யாண வீட்டில் பந்தி நடந்தது, படம் தண்ணி லாரி மாதிரி குலுங்காமல் ஓடி முடிந்தது.

"எப்படி இருக்கு மேடம்?"

"எங்கயும் இடிக்கல."

தணிகாசலம் சாய்ந்து உட்கார்ந்தார். அந்த அறையில் இதைவிடப் பெரிய பாராட்டு யாரும் வாங்கியதில்லை.

"வெட்டினதெல்லாம் எங்க?" என்று பிலோமினா கேட்டார்.

"இருக்கு மேடம். ஓரமா ஒதுக்கி வச்சிருக்கேன்."

"வரிசையா ஒட்டுங்க."

"எதை?"

"வெட்டிப் போட்டதை."

தணிகாசலம் சிரித்தார். "சாப்பிட்ட இலையில மறுபடி பரிமாறச் சொல்றீங்களே மேடம்."

"ஒட்டுங்க."

ஒட்டினார். ஓடவிட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு நாகேந்திரன் வந்தார். தயாரிப்பாளரின் மேனேஜர். படத்தைக் கழுத்தறுப்பு என்று ஊரெல்லாம் சொன்னவர்களில் இவர்தான் முதல் ஆள். விழாவில் படம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் தூங்கி, கைதட்டல் சத்தத்தில் எழுந்தவர். வெட்டிய பிரதியை வாங்கிப்போக வந்திருந்தார். பிலோமினா கையைக் காட்ட, ஓரத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

திரையில் குழாயின் வாயில் ஒரு சொட்டு திரண்டு நின்றது. விழவில்லை. வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் அதையே பார்த்தார்கள்.

புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒருத்தி, ஈரக் கல்லில் பதிந்த தன் காலடியைப் பெருவிரலால் அழித்தாள். யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

ஆளில்லாத தெரு. குடங்கள் மட்டும் வரிசையில் நின்றன. ஒரு நாய் வந்து ஒவ்வொரு குடமாக முகர்ந்தது. ஏழாவது குடத்தின் நிழலில் படுத்துக்கொண்டது.

பேச்சியின் கை தன் குடத்தின் கழுத்தைப் பிடித்திருந்தது. பிடி தளர்ந்தது. மறுபடி இறுகியது. பக்கத்து வீட்டுக்காரி தலை குனிந்து நின்றாள். பேச்சியின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. கை குடத்தைத் தூக்கியது.

முன்னும் இல்லை, பின்னும் இல்லை, கதையும் இல்லை. வெறும் துண்டுகள். தணிகாசலத்தின் கால் ஆடிக்கொண்டிருந்தது, நின்றுவிட்டது.

முடிந்ததும் முதலில் பேசியது நாகேந்திரன்தான். கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

"யார் எடுத்த படம் மேடம் இது?"

பிலோமினா தணிகாசலத்தைப் பார்த்தார்.

"இதுவும் குழாயடிதான். ஆனா எப்படி இருக்கு பாருங்க! நம்ம சுடலை இந்த மாதிரியில்ல எடுத்திருக்கணும்? அதை விட்டுட்டு..." என்று தலையில் அடித்துக்கொண்டார்.

தணிகாசலம் விசைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாயங்காலம் வாங்க நாகேந்திரன். பிரதி தர்றோம்" என்றார் பிலோமினா.

"இப்பவே வேணும்னு சொன்னாரே முதலாளி."

"சாயங்காலம்."

நாகேந்திரன் எழுந்தார். வாசலில் நின்று, "அந்தப் படத்தோட பேரு மட்டும் சொல்லுங்க. வீட்டுக்காரியைக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். "சாயங்காலம்" என்று பிலோமினா மறுபடி சொன்னதும் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

தணிகாசலம், "நான் ஜனங்களுக்காகத்தான் மேடம் வெட்டினேன்" என்றார்.

"விழாவுல ஜனங்க எங்க கொட்டாவி விட்டாங்க?"

"ரேஷன் கடை சீன்ல. அங்கதான் நிறையப் பேர் எந்திரிச்சுப் போனாங்க."

"அதை வெட்டலையே?"

தணிகாசலம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "அது... அது பரவால்ல மேடம். அது இருந்துட்டுப் போகட்டும்னு தோணுச்சு."

"கல்யாண வீடு?"

"அதுவும் அப்படித்தான்."

"ஏன்?"

"அதெல்லாம் நானே எடுத்திருப்பேன் மேடம்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

பிலோமினா கை நீட்டிப் படத்தை முதல் துண்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். குழாயின் வாயில் சொட்டு திரண்டு நின்றது.

"இது?"

மேசையில் தணிகாசலத்தின் போன் அதிர்ந்தது. அதன் திரையில் சுடலைமுத்துவின் பெயர். அது அதிர்ந்து அதிர்ந்து ஓயும் வரை அவர் அதைத் தொடவில்லை.

"வயிறு எரியுது மேடம்" என்றார் கடைசியில். "அவனைப் பாராட்டறவனைக் கண்டா எரியுது. திட்டறவனைக் கண்டாக் குளிருது. அப்புறம் திட்டினவன் மேலயும் கோபம் வருது, இவனுக்கு என்ன தெரியும்னு. எனக்கே என்னன்னு புரியல. நீங்களாவது சொல்லுங்க. ரெண்டு கட்சியில யார் சரி?"

"பாராட்டினவங்க பரிசைப் பார்த்துப் பாராட்டினாங்க. திட்டினவங்க பாதியில எந்திரிச்சுப் போயிட்டாங்க" என்றார் பிலோமினா. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

"அந்தப் படத்துல எது எது நல்லா இருக்குன்னு முழுசாத் தெரிஞ்சவர் ஒருத்தர்தான், தணிகாசலம். நீங்க ஒண்ணைக்கூட வெட்டாம விடலையே."